தண்ணீர் கொட்டினால் தண்ணீர் வரும்

காலை ஆறே கால் மணி, ஏழு காலிக் குடங்கள், அஞ்சலை: குடிநீர்ப் பிரிவு அலுவலகத்தின் கதவு திறக்கும் முன்பே இந்த மூன்றும் வாசலில் நின்றால், முந்தின இரவு எங்கள் மென்பொருள் 'குறை ஏதும் இல்லை' என்று அறிக்கை அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழில் அப்படிப்பட்டது.

நாளிதழில் நிருபராக இருந்து வெளியே வந்த எனக்கு ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. ஊர்க் குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள். திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கி, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விழுப்புரத்தில் ஒரு வாரம், திண்டிவனத்தில் ஒரு வாரம் என்று மாறி மாறிப் போய்வந்தேன். கீழே உள்ளவை எந்த ஊரில் நடந்தவை என்று சொல்லப் போவதில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் அடுத்த ஊர் என்றே நினைத்துக்கொள்ளலாம். வறண்ட குழாயின் பக்கத்தில் நின்று 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியைப் படித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதை அனுப்புகிறவர்களுக்கும் ஒன்றும் புரிவதில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

வரைபடத்தில் இல்லை

அஞ்சலையின் வீடு ரைஸ் மில்லுக்குப் பின்னால் உள்ள சந்தில். பழைய மென்பொருளில் யாரோ அதை 'ரைஸ் மில் சந்து' என்று அடித்து வைத்திருந்தார்கள். புதியது வரைபடத்தில் உள்ள தெருக்களை மட்டுமே ஏற்கும். வரைபடத்தில் மில் இருக்கிறது, சந்து இல்லை. மென்பொருளை மாற்றிய நாளிலிருந்து அங்கே தண்ணீர் நின்றுபோனது. அஞ்சலையின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்ற நிலை. பிள்ளையோடு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் குழாயில் தண்ணீர் வரவேண்டும். அஞ்சலை கேட்டது அவ்வளவுதான்.

அவரை அழைத்துக்கொண்டு ஃபிட்டர் ஏழுமலையிடம் போனேன். எந்த வால்வை எப்போது திறப்பது என்பது இப்போது அவருக்குப் போனில்தான் வருகிறது. சந்துக்கு இரக்கப்பட்டு ஒருமுறை தானாகவே திறந்துவிட்டிருக்கிறார். அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று போன் பதிந்துகொண்டது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது பெரிய அடி.

"போன்ல வராத வால்வுல கை வச்சா ஆப்சென்ட் உழுது சார். இன்னும் ரெண்டு உழுந்தா என்ன நிறுத்திடுவாங்க" என்றார்.

அஞ்சலை என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "வூட்டு வரி கேட்டு வர்ற சீட்டுல எங்க சந்து இருக்குதே ஏழுமல. அத அனுப்புறவங்களுக்கு மட்டும் வழி தெரியுதா?"

தீர்க்கப்பட்டது

கணினி ஆபரேட்டர் பர்வீன், கோட்டக்குப்பத்துப் பெண். 'தண்ணீர் வரவில்லை' என்று அஞ்சலையின் புகாரைப் பதியப் போனால் மென்பொருள் தெருவின் பெயரைக் கேட்டது. சந்து இல்லாததால் பக்கத்துத் தெருவைப் போட்டுப் பதிந்தாள். புகார் ஏழுமலையின் போனுக்குப் போனது. அவர் பக்கத்துத் தெருவுக்குப் போனார். அங்கே குழாய் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் குழாயைப் படம் எடுக்கச் சொன்னது போன். எடுத்தார். புகார் முடிந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அஞ்சலைக்குக் குறுஞ்செய்தி போனது.

அவர் மறுநாள் வந்து போனையும் ஒரு குடத்தையும் என் மேஜைமேல் வைத்தார். "தண்ணி இதுல வந்துட்டுதாமே சார். ஒரு கொடம் புடிச்சிக் குடுங்க, எடுத்துக்கினு போறேன்."

கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு போன்

சந்தின் பெயரை மீட்பதற்காகப் பழைய மென்பொருளின் பட்டியல் முழுவதையும் புதியதில் ஏற்றிப் பார்த்தோம். சந்து வரவில்லை. என்றோ தீர்ந்துபோன புகார்கள் எல்லாம் எழுந்து வந்தன. 'உங்கள் வீட்டுக்கு ஊழியர் வருகிறார்' என்று ஊர் முழுக்கச் செய்தி பறந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டவர்கள், வீட்டை இடித்துக் கடை கட்டியவர்கள், ஊரையே விட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் போனது. பர்வீனின் போன் ஓயவில்லை. "ஒரே பேஜாரா இருக்குது சார்" என்று ரிசீவரை என்னிடம் தள்ளினாள்.

பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊரான கண்டாச்சிபுரத்துக்கே போய்விட்டவர். கோபமில்லாமல், பாடம் நடத்தும் குரலில் கேட்டார். "நான் புகார் குடுத்தப்ப என் பையன் எட்டாவது படிச்சான். இப்ப துபாய்ல வேல பாக்குறான். உங்க ஆளை எந்த ஊருக்கு அனுப்புறீங்க, இங்கயா அங்கயா?"

தெரு கேட்காத புகார்

கம்பெனியின் சென்னைப் பொறியாளரை அழைத்தோம். சந்தை அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்றார். அது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. அதற்குள் அஞ்சலையின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வீட்டுக்கு அனுப்பப் போவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெருவே கேக்காத புகார் ஏதாச்சும் இருக்குதா சார்?" என்றாள் பர்வீன். பொறியாளரின் குரலில் தெம்பு வந்தது. இருக்கிறது, கசிவு. கசிவு எங்கே வேண்டுமானாலும் ஏற்படலாம் என்பதால் தெரு கேட்பதில்லை. பொதுமக்கள் படம் எடுத்து அனுப்பினால் போதும், இடத்தைப் போனே கண்டுபிடித்து ஃபிட்டரை உடனே அனுப்பிவிடும் என்றார்.

அஞ்சலை பெஞ்சிலிருந்தே பதில் சொன்னார். "கசியறதுக்கு எங்க சந்துல தண்ணி ஏதுப்பா?"

ஒரு வாளி

அடுத்து நடந்ததை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அஞ்சலை வீட்டுக்குப் போய், பக்கத்துத் தெருவில் கெஞ்சிப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாளியைச் சந்தின் வால்வுத் தொட்டி ஓரம் கொட்டி, படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

ஏழுமலையின் போன் அலறியது. நானும் அவர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். தரை ஈரம், குழாய் வறட்சி. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வால்வைத் திறந்துதான் ஆகவேண்டும். இந்தமுறை போனே அனுப்பி வந்திருப்பதால் ஆப்சென்ட் பயமில்லை. திறந்தார். குழாய்கள் முதலில் இருமின, பிறகு கொட்டின. சந்து முழுக்கக் குடங்களோடு ஓடி வந்தது. பிள்ளைக்காரி வர ஒருநாள் இருக்கும்போதே அஞ்சலை வீட்டில் அண்டா நிரம்பியது. ஏழுமலை நிறுத்தச் சொல்வாரோ என்று அஞ்சலை திரும்பிப் பார்க்க, அவர் வால்வுச் சாவியைத் தரையில் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கசிவு எங்கன்னு தெரியற வரிக்கும் மூட முடியாதுக்கா. நீங்க பாட்டுக்குப் புடிச்சிக்கினே இருங்க."

முறை வாளி

அதற்குப் பிறகு தண்ணீர் விடவேண்டிய நாள்தோறும் சந்தில் கசிவு ஏற்பட்டது. இன்று யார் வீட்டு வாளி என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் முறைக்காரரான மில் மேஸ்திரி, நல்ல தண்ணீரை ஏன் வீணாக்குவது என்று அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டிப் படம் எடுத்து அனுப்பினார். தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது என்று மென்பொருள் முடிவுசெய்து, பரிசோதனைக்கு மாதிரி எடுக்க ஆட்களைப் பாட்டிலோடு அனுப்பிவிட்டது. அவர்கள் போகும்வரை பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்ற அஞ்சலை, பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "கொட்றது ஒரு வாளி. அதுலயும் உனக்குச் சிக்கனமாய்யா?"

முதலிடம்

ஆய்வுக் கூட்டத்தில் சுவரில் வரைபடத்தை ஓடவிட்டார்கள். ஊர் முழுக்கப் பச்சை. மில்லுக்குப் பின்னால், தெருவே இல்லாத வெற்றிடத்தில், சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் அப்பியிருந்தன. கசிவில் முதலிடம். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பர்வீன் விசைப்பலகையைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன், ஏழுமலை என்னைப் பார்த்தார். அதிகாரி கடைசியில் கேட்டார். "ஆளே இல்லாத எடத்துல இவ்ளோ தண்ணி ஒழுகிக்கினு இருக்குது. இத்தினி நாளா நீங்கள்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

கடந்த கார்த்திகையில் அந்தச் சந்தை மென்பொருளில் சேர்த்தார்கள், தை பிறந்ததும் கசியும் குழாய் என்று தோண்டிப் புதுக்குழாய் பதித்தார்கள், வெளியே எடுத்துப் போட்ட பழைய குழாயில் ஓட்டை எதுவும் இல்லை.