எண்ணெயை நம்பாதவள்

அமலியைத் திறமையான டிராக்டர் ஓட்டுநர் என்று முள்ளிப்பட்டில் யாரும் சொல்வதில்லை. வரப்போரம் திரும்பும்போது அவள் வண்டி ஒரு முழ மண்ணை உழாமல் விட்டுவிடும். மேட்டு நிலத்தில் அவள் போட்ட சால்கள் வளைந்து கிடக்கும். வேகமும் போதாது. டீக்கடையில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிப்பும் கூடவே வரும்.

“அது வண்டி ஓட்றதக் காட்டியும் நிக்கிறதுதான் ஜாஸ்தி” என்பார் இன்னொரு டிராக்டர்காரரான பிரபாகரன். “நிக்கிறதுகூட சும்மா இல்லபா. தலகாணி வெச்சி வண்டியத் தூங்க வெச்சிட்டுத்தான் கிட்டயே போவுது.”

தலையணை என்று அவர் சொன்னது இரண்டு புளியங்கட்டைகளை. அமலி எந்த நிலத்துக்குப் போனாலும் அவையும் இரண்டு பலகைத் துண்டுகளும் வண்டியோடு போகும். தண்ணீர் பாட்டில் மட்டும் வண்டியில் இருக்காது. நிலத்துக்குப் போனதும் முதல் வேலையாக அதை வரப்பு மரத்தில் மாட்டிவிடுவாள். பேச வருகிறவர்கள் டயரைத் தொட்டால்கூட விலகச் சொல்வாள். இதையெல்லாம் ஊர் அவளுடைய பயம் என்று எடுத்துக்கொண்டது. அது முழுத் தவறும் அல்ல.

அவள் கணவர் ஜான் அதே வண்டியில்தான் இறந்தார்.

முள்ளிப்பட்டில் பாதிப் பேருக்குத் தறியும் உண்டு, கொஞ்சம் நிலமும் உண்டு. தறி வீட்டைப் பெருக்கிய குப்பை எருக்குழிக்குப் போகும். அதிலிருக்கும் நூல் துண்டும் ஜரிகைத் துண்டும் எருவோடு சேர்ந்து நிலத்துக்குப் போகும். சாணி மக்கும், ஜரிகை மக்காது. டிராக்டரின் பின்னால் மாட்டிய ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறிக்கொண்டு போகும்போது, மண்ணுக்குள் கிடக்கும் நூலெல்லாம் அதன் கத்திகளைச் சுற்றிக்கொண்டு இறுகும். நெய்கிறவர்கள் நிலத்தில் மட்டும் வரும் தொல்லை இது. வண்டியை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தூக்கிவிட்டு, கீழே குனிந்து அறுத்தெடுத்தால்தான் வேலை நகரும்.

உள்ளூர் நெசவாளி ஜெயவேலின் நிலத்தில் அன்று ஜான் அப்படித்தான் குனிந்தார். கவனமில்லாத ஆள் அல்ல. இன்ஜினை அணைத்தார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கீழே படுத்து நூலை அறுத்துக்கொண்டிருந்தவர் தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டார். பாட்டில் வண்டியில் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துத் தர ஜெயவேல் ஏறினார். ஏறும்போது பிடிமானத்துக்காக எதையோ பற்றினார். தூக்கி நிறுத்தியிருந்த இரும்பு முழுவதும் ஜான்மேல் இறங்கிவிட்டது.

வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று ஊர் பேசியது. சாவி ஜானின் பையில் இருந்ததே என்று சொன்னவர்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்தபின் வண்டியை விற்பதற்காக அமலி ஆரணியில் ஹேமநாத் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். இன்ஜின் ஓடாதபோது எப்படி விழுந்தது என்று அவரிடம் கேட்டாள். அவர் ரோட்டவேட்டரைத் தூக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை அவள் கையில் கொடுத்தார். பிறகு சீட்டுக்குப் பக்கத்து லீவரை ஒரு விரலால் தள்ளினார். ரோட்டவேட்டர் தரையில் இறங்கி உட்கார்ந்தது.

“எண்ணெயிலதாம்மா நிக்கிது. லீவர் கீழ போச்சின்னா எண்ணெ வழி விட்ரும். அதுக்குச் சாவியெல்லாம் வேணாம்.”

“இன்னொரு தடவ செய்யிங்க” என்றாள்.

அவர் செய்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டியை விற்கவில்லை. சில மாதங்களில் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கினாள்.

ஜெயவேலை ஊர் உடனே மன்னித்தது. தனக்கு எதுவும் பறிபோகாத இடத்தில் மன்னிப்பது எளிது. அமலி மன்னிக்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன நாட்களில் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, இதில் தன் பாவம் எது என்று தெரியாமல் எழுந்து வந்திருக்கிறாள். ஒருவர் கை செய்ததை அவர் செய்ததாகக் கொள்ளலாமா? மனம் சேராத செயலுக்குப் பொறுப்பு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை இருப்பதாகத் தெரியவில்லை. ஜெயவேல் தமக்குத் தாமே ஒரு விடை சொல்லிக்கொண்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டார், தறியை விட்டு வெளியே வருவதைக் குறைத்தார், அமலி எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பினார்.

போன ஆடியில் குத்தகைக்காரர் விட்டுப் போய்விட்டார். நல்ல மழை ஒன்று பெய்தது. ஜெயவேல் வீட்டில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலை விதைக்காக உடைத்துத் தயாராக இருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்தப் போகம் போய்விடும். ஆனால் அந்த நிலத்து நூலுக்குப் பயந்து பிரபாகரன் வர மறுத்துவிட்டார். மற்றவர்களும் சாக்குச் சொன்னார்கள்.

ஜெயவேலின் மனைவி குணசுந்தரி அமலி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“கேக்கவே வாய் வரல யக்கா. ஈரம் காஞ்சிகினே போவுது.”

அமலி வாசலில் இறங்கி ஈர மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, “உங்க வீட்டுக்காரர் வருவாரா?” என்றாள்.

“வரமாட்டாருக்கா. நீ தைரியமா ஓட்டு. அவரு அந்தப் பக்கமே வராம நான் பாத்துக்கறேன்.”

“வரணும். வந்தாத்தான் ஓட்டுவேன்.”

மறுநாள் காலை ஜெயவேல் வந்தார். வரப்பின் கடைசியில், வண்டிக்கு எட்டாத தூரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அமலி அவரைப் பார்க்காமல் பாட்டிலை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

இரண்டு சுற்றுக்குள் இன்ஜின் திணறியது. ரோட்டவேட்டர் சுழற்சியை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று திரும்பிப் பார்த்து, அதைத் தூக்கிவிட்டு இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கத்திகளில் சிவப்பும் மஞ்சளுமாக நூல் இறுகிக் கிடந்தது.

“ஜெயவேலண்ணா, இங்க வாங்க.”

அவர் அசையவில்லை.

“கட்ட வெக்கணும். வாங்க.”

“வேணாம்மா. என் கை வேணாம். குணாவக் கூப்புட்றேன், அது வெக்கும்.”

“குணாவ நான் கூப்புடல.”

வந்தார். கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் தூக்கினார். அவள் சொல்லச் சொல்ல, உள்ளே கை நீட்டாமல், ஓரத்தில் நின்றபடி ஒரு பக்கச் சட்டத்துக்கு அடியில் பலகையையும் அதன்மேல் கட்டையையும் தள்ளினார். பிறகு மறுபக்கம். அமலி சுற்றி வந்து பார்த்தாள்.

“இது சாஞ்சிகினு கீது. எடுத்து மறுபடி வைங்க.”

வைத்தார். காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு சீட்டைக் காட்டினாள்.

“ஏறி அந்த லீவரக் கீழ தள்ளுங்க.”

ஜெயவேல் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அதுதான் முதல் முறை.

“இன்னாம்மா சொல்ற?”

“நான் தள்ளி நிக்கிறேன் பாருங்க. கீழ யாரும் இல்ல. தள்ளுங்க.”

அவர் ஏறுவதற்கு நேரமாயிற்று. எதைப் பிடித்து ஏறுவது என்றே தெரியாதவர்போல இரண்டு முறை கை வைத்து எடுத்தார். கடைசியில் ஏறி, லீவரைத் தள்ளினார். ரோட்டவேட்டர் ‘டொக்’கென்று ஒரு சாண் இறங்கிக் கட்டைகளின்மேல் உட்கார்ந்தது. அதற்குமேல் அசையவில்லை. அவர் லீவரை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தார். அது போகக்கூடிய எல்லைக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

“போதும் எறங்குங்க” என்றாள் அமலி.

இறங்கி நின்றவர் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கு இது இருந்திருந்தா?” என்றார்.

அமலி அரிவாளை எடுத்தாள்.

“இருந்திருந்தா நீங்க தண்ணி எடுத்துகினு எறங்கியிருப்பீங்க. அவரு குடிச்சிருப்பாரு.”

சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கீழே குனிந்தாள். இதை மன்னிப்பு என்று சொல்லலாமா என்பது தெரியவில்லை. சாவியை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. அது அவள் இடுப்பில்தான் இருந்தது. யாராக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

நூல் லேசில் வரவில்லை. பிரி பிரியாக அறுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயவேல் அதையெல்லாம் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு வேப்பமரத்துக்குப் போனார். பாட்டிலை எடுத்து வந்தார். வண்டியைத் தொடாமல், அவள் வெளியே வந்தால் கைக்கு எட்டும் இடத்தில் நின்றார்.

அவள் எழுந்து வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.