பத்துக்கு மூன்று

அந்த ஹோட்டலின் சலவைக்கூடத்தில் பெட்ஷீட் மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஓர் உதறு, பின்னால் சாய்ந்து விறைப்பாக ஓர் இழுப்பு, அப்புறம்தான் மடிப்பு. ஷிப்டுக்கு நானூறு ஷீட். பேச்சு தேவையில்லை. எதிரில் நிற்பவள் சரியாகத் தூங்கினாளா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாளா என்பதெல்லாம் துணி வழியாகவே வந்து சேர்ந்துவிடும்.

கம்பி அக்கா பத்தொன்பது வருஷமாக அந்த மேஜையில் நின்றவள். நிமிர்ந்த முதுகுக்காகக் கிடைத்த பெயர். கடைசி ஆறு வருஷம் அவளுக்கு எதிரில் நின்றது அவள் நாத்தனார். கட்டியவன் கைவிட்டதும் இரண்டு பைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து வேலையில் சேர்த்துவிட்டது கம்பி அக்காதான்.

வலி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வலது தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் ஒரு பட்டாணி உருளுவதுபோல இருந்தது. பிறகு கழுத்துக்கு ஏறியது. பிறகு தலைவாரக் கை எழவில்லை. இடது கையால் கோணல்மாணலாக ஒரு கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவள் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "பிடிப்பா, நடிப்பா?"

எதுகை இவ்வளவு அழகாக விழுந்ததில் அவருக்கே சந்தோஷம். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் அது சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டது. அவள் குனிந்தால் ஒருத்தி கேட்டாள், நிமிர்ந்தால் இன்னொருத்தி. யார் கொண்டுவந்தது என்று விசாரிக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர்தான் அங்கே வேலைக்கு வருகிறார்கள்.

நாலு நாள் லீவு போட்டு அசையாமல் படுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் கழுத்தே திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பிசியோதெரபி அறையில் இருந்த பெண்ணுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். அழுத்திப் பார்த்துவிட்டு, தசை எதுவும் கிழியவில்லை என்றாள். மூடிய கையைப் பல வருஷம் திறக்காமலே வைத்திருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இறுகிக் கிடக்கிறதாம். ஒரேயடியாகப் படுத்துவிடவும் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு பழைய மாதிரி உழைக்கவும் கூடாது. தினம் இரண்டு வேளை வெந்நீர்ப் பை ஒற்றடம், தோளை மெதுவாகச் சுழற்றும் பயிற்சி. பயிற்சியில் லேசாக இழுத்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். கை மரத்துப்போனால் உடனே வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு வாரத்துக்குக் கை தோளுக்கு மேலே போகக் கூடாது. உட்கார்ந்து செய்கிற வேலையாக மாற்றித் தரச் சொல்லி நானே கடிதம் எழுதித் தருகிறேன் என்றாள்.

எழுதும்போதுதான் கேட்டாள்: "உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கம்மா?"

கம்பி அக்கா யோசித்தாள். இதுவரை எதற்கும் யாரும் அவளை மார்க் போடச் சொன்னதில்லை. பத்து என்றால் அது இரண்டாவது பிரசவம். எட்டு, ஒன்பதையெல்லாம் இனி வரப்போவதற்கு வைத்துக்கொள்ள வேண்டாமா? எடுத்த எடுப்பிலேயே அள்ளிக் கேட்டால் இந்தப் பெண்ணும் நடிப்பு என்று நினைத்துவிட்டால்?

"மூணு" என்றாள்.

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள். "மூணுதானா?"

"போதும்மா."

சூப்பர்வைசர் கடிதத்தை ரோலர் மெஷினின் இரைச்சலில் நின்றபடியே படித்தார். அதில் அவருக்குப் புரிந்தது அந்த எண் ஒன்றுதான்.

"பத்துக்கு மூணு வாங்கினா ஸ்கூல்லயே ஃபெயிலு. இதுக்கு உக்கார நாற்காலி வேணுமாக்கும்?"

மேஜை முழுக்கச் சிரித்தது. ஆனால் அவர் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. தலையணை உறை மடிக்கும் இடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கொடுக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தார். தெரிந்தவளைக் கேட்டுவிடலாம் என்று நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"எதிர்ல நிக்கறவ நீதான். உங்க அண்ணி இழுப்பு தளந்திருக்கா?"

மூன்று மாதமாக ஒவ்வொரு உதறலிலும் அந்த வலது முனை ஒரு கணம் பிந்தி வருவது நாத்தனாருக்குத் தெரியும். அண்ணிக்கும் சேர்த்து இழுத்து இழுத்து அவள் கையே காய்த்திருந்தது. ஆனால் மணிக்கணக்காக நின்று அவள் கால் நரம்புகளும் சுருண்டு புடைத்துக் கிடந்தன. காலியாக இருந்ததோ ஒரே ஒரு நாற்காலி.

"எப்பவும்போலத்தான் சார் இழுக்கறாங்க" என்றாள். கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னாள்: "வீட்டுலயும் நல்லாத்தான் இருக்காங்க."

கம்பி அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். நாத்தனார் பெட்ஷீட்டின் ஓரத் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அன்று மதியம் உதறத் தூக்கிய கை பாதியில் நின்றது. துணி தரையில் விழுந்தது. தரையைத் தொட்ட துணி திரும்பத் துவைக்கப் போக வேண்டும். இன்னொரு தடவை விழுந்தால் நீ வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார். சாயந்திரம், நாத்தனார் தன் கால்களைக் காட்டிக் கேட்க, நாற்காலியை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

வீட்டில் கம்பி அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. கட்டைவிரல் நேராகப் போய் எலும்பின் ஓரத்தில், அந்த இடத்திலேயே நின்றது.

"நாளைக்கு எதிர்ல நிக்கப்போற பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் அண்ணி, உங்க வலது பக்கம் மட்டும் மெதுவா இழுன்னு."

கம்பி அக்கா தோளைச் சுழற்றுவதை நிறுத்தினாள். சூடு இதமாகத்தான் இருந்தது.