வாயைத் திறந்தால் சிரிப்பு

திருமழிசையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இடத்துக்குப் பழகும்வரை கூட இருந்து உதவ வேண்டும், அதுதான் வேலை. வீட்டு நினைப்பில் அழுகிறவர்கள், ஆங்கிலத்தில் பாடம் புரியாதவர்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அறைக்கு வருவார்கள். அநேகமாக எல்லாருமே வெளியூர்ப் பிள்ளைகள். கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் கல்லூரி பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண்ணுக்கு என் அறை தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவளை நான் முதன்முதலில் பார்த்தது முதலாமாண்டு பி.காம். வகுப்பின் அறிமுகக் கூட்டத்தில். ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஆங்கிலத்தில். இவள் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துச் சத்தமாகப் பேசினாள்.

“அம்பத்தூராண்ட கள்ளிக்குப்பத்துல கீறோம். எங்க நைனா ஆட்டோ ஓட்டுது. எங்க ஊட்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு காலேஜு வந்துகீறேன்.”

அரங்கமே சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். அது கெட்ட சிரிப்பு இல்லை. சினிமாவில் மட்டுமே கேட்ட பேச்சை நேரில் கேட்டுவிட்ட குஷி. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒரே நாளில் கல்லூரிக்கே தெரிந்த முகமாகிவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் எங்கே போனாலும் பின்னாலேயே “இன்னா மாமே”, “அண்ணாத்தே” என்று குரல்கள் வரும். கேன்டீனில் அவளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். ஏதாவது பேசிக் காட்டச் சொல்வார்கள், செல்போனில் பதிவும் செய்வார்கள். போகிற வருகிற வழியில் பார்த்துவிட்டு, இந்தப் பெண் நன்றாகப் பழகிக்கொண்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், இங்க குந்தி சாப்டலாமா?”

உட்காரச் சொன்னேன். புளிசாதமும் பொரித்த அப்பளமும் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

“அவங்கோ கெட்டவங்கோ இல்ல மிஸ். நல்லாத்தான் கீறாங்கோ. ஆனா நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்கோ. வகுறு வலிக்குதுன்னு சொன்னேன், அதுக்கும் சிரிக்கிறாங்கோ. நான் இன்னா மிஸ் பண்றது?”

எங்கள் மாணவர் நல மையம் செய்யக்கூடியதைச் செய்தேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக மூத்த மாணவிகளைப் போடும் வழக்கம் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து வந்து படிக்கும் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தியை இவளுக்குத் துணையாகப் போட்டேன். பொறுப்பான பெண். இவள் சொன்னதைக் கேட்டு மனசு கொதித்துப்போய், நேராக வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வகுப்பையே நிற்க வைத்துத் திட்டினார். இனிமேல் யாராவது கிண்டல் செய்தால் பெற்றோரை அழைப்பேன் என்றார்.

கிண்டல் அன்றோடு நின்றது. கூடவே எல்லாமும் நின்றது. அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

“இப்போ யாரும் சிரிக்கறதில்ல மிஸ்,” என்றாள். “யாரும் பேசறதும் இல்ல.”

துணைக்குப் போட்ட மாணவி, எல்லாம் தன்னால்தான் என்று என் அறையில் வந்து அழுதாள். அவளையும் தேற்ற வேண்டியிருந்தது.

மாலையில் எங்கள் மையம் நடத்தும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் கள்ளிக்குப்பத்துப் பெண் தானாகவே போய்ச் சேர்ந்தாள். அங்கே ஆங்கிலத்தோடு, நேர்காணலுக்கு ஏற்ற தமிழும் சொல்லித்தருவார்கள். அவள் நல்ல கெட்டிக்காரி. பொங்கல் லீவுக்கு முன்னாலேயே ‘கீறேன்’ போய் ‘இருக்கிறேன்’ வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வைப்பதுபோல் பேசினாள். வகுப்பில் கருத்தரங்கு ஒன்றில் பேசினாள். ஒரு தப்பும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

“உங்க ஊரு எது மிஸ்?” என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“திருநெல்வேலி.”

“உங்க ஊர்ல எப்படி மிஸ் பேசுவாங்க? பேசிக் காட்டுங்களேன்.”

“ஏட்டி, என்னட்டி செய்யுத?” என்றேன். சொல்லும்போதே அது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. வேலைக்கென்று சென்னைக்கு வந்து, அம்பத்தூரில் ஃப்ளாட்டும் வாங்கி, என் பேச்சு எப்போது என்னைவிட்டுப் போனது என்று எனக்கே தெரியவில்லை. அவள் மரியாதையாகப் புன்னகைத்தாள். சிரிக்கக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

அதற்குச் சில நாட்களில் அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பூந்தமல்லி வந்து பஸ் மாறி வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“மேடம், ஊட்ல வாயே தொறக்க மாட்டேங்குது இந்தப் பொண்ணு. டீச்சர் மாறி பேசறியேடின்னு தம்பிக்காரன் ஒருவாட்டி சிரிச்சிட்டான். அன்னிலேர்ந்து எல்லாத்துக்கும் தலைய மட்டும் ஆட்டுது. இங்கயாச்சும் பேசுதா?”

அந்த வாரம் முழுக்க அவள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாக்ஸை மூடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

“பேசுவாம்மா,” என்றேன். “கொஞ்ச நாள்ல சரியாயிடும்.”

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க பாத்துக்குவீங்கோ மேடம். படிச்சவங்கோ.” அவரைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் மகள் சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசி, தெருவில் எல்லாரிடமும் அடி வாங்கிய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

எங்கள் கல்லூரியிலேயே இருக்கும் மனநல மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகத் திருத்தமாகப் பதில் சொன்னாள். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை, இந்த வயதில் சிலர் அமைதியாகிவிடுவது உண்டு என்றார் மருத்துவர். நாடகக் குழுவில் சேர்த்துவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இரண்டாம் செமஸ்டர் தேர்வுக்கு அவள் வரவில்லை. அவள் அம்மாவின் செல்போனுக்குக் கூப்பிட்டேன், எடுத்தார். பின்னால் தையல் மிஷின்கள் ஒரே இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தன.

“காலேஜு வாணாம்னுட்டா மேடம். நைனாவும் சொல்லிப் பாத்துச்சு, நானும் சொல்லிப் பாத்தேன். இப்போ எங்கூடத்தான் வந்துகினு கீறா. துணில நூல் பிசிறு வெட்டற வேலை.”

“நான் வீட்டுக்கு வந்து பேசிப் பார்க்கட்டுமா?”

“வாணாம் மேடம். நீங்க வந்தா இன்னும் உள்ள போயிடுவா.”

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அங்க வேலை செய்யறவங்ககூடவாவது பேசறாளா?”

“இந்த மிஷின் சத்தத்துல யாரு மேடம் பேசறது?” என்றார். சூப்பர்வைசர் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அன்று மதியம் விடுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்கு அறைத்தோழியோடு ஒத்துப்போகவில்லை, இன்னொருத்திக்குப் படிப்பே பிடிக்கவில்லை. இருவரையும் உட்கார வைத்து, இந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். மெதுவாகத்தான் பழகும், பயப்படாதே, எப்போது வேண்டுமானாலும் வா என்றேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.