ஜனவரியில் பார்த்த வீடு

டெல்லியில் வீடு மாறுவது எங்களுக்குப் புதிதல்ல. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் ஆறு வீடு. ஆறுமே சரோஜினி நகரைச் சுற்றித்தான். அதற்குக் காரணம் என் வேலை இல்லை. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் தபால் பிரித்துக் குப்பை கொட்டுகிறவன். எங்கிருந்தாலும் பஸ் ஏறிப் போய்விடலாம். காரணம் என் மனைவியின் மாவு.

அவள் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்துவந்தாள். அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களிலும் பக்கத்து அடுக்குமாடிகளிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் முப்பதுக்குக் குறையாமல் அவளுக்கு வாடிக்கை. எந்த வீட்டில் புளிப்பு தூக்கலாக வேண்டும், எந்த வீட்டுத் தாத்தாவுக்கு உப்பு போடக் கூடாது, எந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். என்னை அந்தப் பக்கத்தில் யாருக்கும் பெயர் சொன்னால் தெரியாது. மாவுக்காரம்மா வீட்டுக்காரர் என்றால் தெரியும். அதில் எனக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு. இத்தனைக்கும் பிறகு அதை ஒப்புக்கொள்வதற்கு என்ன.

டெல்லிக் குளிரில் மாவு லேசில் பொங்காது. ஜனவரியில் மாவுத் தூக்குகளைச் சுற்றி ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்தி, மேலே ஒரு தலையணையும் வைத்துவிடுவாள். "மாவுக்கு ரஜாய், எனக்குப் பழைய போர்வையா?" என்று எங்கள் மகள் வருடாவருடம் சண்டை போடுவாள். அப்படியும் காலையில் மூடியைத் திறந்தால் மாவு அரைத்தபடியே கிடக்கும் நாட்கள் உண்டு.

அப்படி ஒரு குளிரில்தான் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறாராம். அந்த வட்டாரத்தில் வேறு வீடு தேடினேன். ஒன்றரை அறைக்குச் சொன்ன வாடகையைக் கேட்டு வாயடைத்துத் திரும்பினேன். அலுவலகத்தில் ஒருவர்தான் அந்த ஊரைச் சொன்னார். ஹரியானாவுக்குள், பாசஞ்சர் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் கடுகு வயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த வாடகைக்கே மூன்று அறையும் மொட்டைமாடியும். மாடியில் நல்ல வெயில். அந்த வீட்டுக்காரம்மா சூடாக கேரட் அல்வா கொடுத்தார். அந்த வெயிலில் அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்துவிட்டேன்.

"வீடு எதுவானா எனக்கு என்னங்க, என் வீடுகள விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள் மனைவி. என் வீடுகள் என்று அவள் சொன்னது அந்த முப்பது வாடிக்கையை.

நான்தான் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவன் ஆயிற்றே. சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். முந்தின ராத்திரி அரைத்த மாவை இரண்டு தூக்கில் எடுத்துக்கொண்டு இருவரும் அந்த ஊருக்குப் போனோம். ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். மூடியைத் திறந்தால் மாவு அளவாக எழும்பி, இட்லிக்கு வாகாக இருந்தது. ரயில் ஆட்டத்திலும் கூட்டத்தின் சூட்டிலும் ரஜாய் இல்லாமலே பொங்கிவிட்டது. பார்த்தாயா என்று நிமிர்ந்து நின்றேன்.

"வெயிலு வந்தா பொங்கிரும்லா?" என்றாள்.

"அதெல்லாம் அப்பம் பாத்துக்கிடலாம்ட்டி."

அவளுக்குத் தெரியாததா? டெல்லி வெயிலில் மாவு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஆனால் மூன்று அறையும் மொட்டைமாடியும் அவள் வாயையும் அடைத்துவிட்டன. பதினெட்டு வருடமாக அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிரைண்டரை வைத்துக்கொண்டு ஒருக்களித்து நடந்தவள். அவளுக்கும் ஆசை இருக்காதா? அதனால் நான் சொன்னதை நம்பினாள், அல்லது நம்பியதுபோல் இருந்தாள்.

அந்த ஊருக்குக் குடிபோன பிப்ரவரியும் பாதி மார்ச்சும் எங்களைப்போல் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது. காலை ஆறு மணி ரயிலில் இருவரும் ஏறுவோம். தூக்குகளை அவள் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்வாள். டெல்லியில் இறங்கி அவள் தன் வீடுகளுக்கும் நான் அலுவலகத்துக்கும் போவோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான் என்று ஹோலி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

வெயில் ஏற ஏற மாவு ரயிலிலேயே பொங்கத் தொடங்கியது. அளவைக் குறைத்தாள். மூடியைக் கயிற்றால் கட்டினாள். விடியற்காலையில் அரைத்து உடனே எடுத்துப்போகலாம் என்றால் அந்த ஊரில் அந்த நேரத்துக்குக் கரண்ட் இருக்காது. ஈரச்சாக்கில் ஐஸ் கட்டி வைத்தோம். அன்றைக்குப் பார்த்து மாவு எழும்பவே இல்லை. "இட்லி கல்லாட்டம் இருக்குடி" என்று போன்மேல் போன். வழக்கமாக வாங்கும் வீடுகளில் நாலைந்து நின்றுபோயின. அவள் தூங்காமல் தூக்குகளையே பார்த்துக்கொண்டு இருக்க ஆரம்பித்தாள்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கல்யாண சீசன், ரயிலில் நிற்க இடமில்லை. அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் நாலு ஆள் தள்ளிக் கதவோரம் நின்றேன். பாதி வழியில் ஒரு தூக்கின் கயிறு அறுந்து மூடி கழன்றது. மாவு பொங்கி வழிந்து பெஞ்சுக்கு அடியில் ஓடி, ஒருவருடைய பெட்டியையும் ஒரு பெண்ணின் புதுப் புடவையையும் நனைத்தது. அந்தப் பெண் கத்தினாள். "யே க்யா கந்தகி ஹை? உதாரோ இஸ்கோ!" என்று ஒருவன் ஆரம்பிக்க, என்ன அசிங்கம் இது, இறக்கிவிடு, இறக்கிவிடு என்று ரயில் பெட்டி முழுக்கச் சேர்ந்துகொண்டது. என் மனைவி முந்தானையால் அந்தப் புடவையைத் துடைத்துக்கொண்டே, "மாஃப் கரோ பெஹன்ஜி, மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். புளித்த வாடை எனக்கும் அடித்தது.

அவள் நிமிர்ந்து என்னைத் தேடினாள். பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமில்லை. வெறும் திரை.

அடுத்த ஸ்டேஷனில் அவளை இறக்கினார்கள். தூக்குகளை ஒருவன் பின்னாலேயே எடுத்து வைத்தான். ரயில் கிளம்பியது. நான் அலுவலகம் போய்த் தபால் பிரித்தேன். மத்தியானம் போன் செய்தேன். "வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள். கூட்டத்தில் என்னால் நகர முடியவில்லை என்றேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் அவள் ரயிலுக்கு வரவில்லை. சாயங்காலம் நான் திரும்பியபோது மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்தபடி ஒவ்வொரு வீடாகப் போன் செய்து இனி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அச்சா, அச்சா என்று வைத்துவிட்டவர்கள்தான் அதிகம். பதினைந்து வருடமாக வாங்கிய ஒரு மாமி மட்டும் ஆறுதலாகப் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதேடி. இப்போல்லாம் போன்ல அமுக்கினா பத்து நிமிஷத்துல மாவு வந்துடறது. பாவம், நீதான் வேகாத வெயில்ல அலைஞ்சுண்டிருந்தே."

உள்ளூரில் விற்றுப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். யோசனைக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, "பெஹன்ஜி, யே தோ கராப் ஹோ கயா" என்று, கெட்டுப்போனதைத் தெரியாமல் கொடுத்துவிட்டதாக நினைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு கிரைண்டரைத் துடைத்து மூன்றாவது அறையில் வைத்துவிட்டாள். மகள் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வீட்டில் காற்று நன்றாக வருகிறது. என் மனைவிக்குப் பகல் முழுக்கச் செய்ய எதுவும் இல்லை. யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் பேசிக் கேட்டு மாதக்கணக்காகிறது.

போன வாரம் காலையில், மனசு கேட்காமல், டெல்லிக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டேன். எப்படியாவது ஒரு அறை பிடிக்கிறேன் என்றேன்.

"அங்க போயி யாருக்கு அரைக்க?" என்றாள். என் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "மாவு வழிஞ்சதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. துடைச்சா போயிரும். அன்னைக்கி நீங்களும் கூட எறங்கியிருந்தா நான் மறுநாளும் போயிருப்பேன்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.