மாடியில் ஓடிய பேரிங்

1. வீட்டிலிருந்தே வேலை பார்க்க, காரைக்காலில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன்.
2. நான் வடிவமைத்த பேரிங், சோதனைக்காக இரும்பு எடையைச் சுமந்தபடி மேசைமேல் ஒரு சிறு தண்டவாளத்தில் நாள் முழுவதும் முன்னும் பின்னும் ஓடியது. உள்ளே எஃகுக் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடத்தன.
3. இன்னொரு பேரிங் செய்து, குண்டுகளுக்கு இடையே பிளாஸ்டிக் துண்டுகள் வைத்தேன். சத்தம் அடங்கியது.
4. அன்று மாலை வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்தார்; அக்கா என்பதற்கு அந்த ஊர் முஸ்லிம்கள் சொல்வதுபோல் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. கையில் அரிசிமாவில் இறால் வைத்துப் பொரித்த வாடா. கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார், பிள்ளைகள் துபாயில். யாரோடு பேசினாலும் பாதியில் நிறுத்தி, தலையைச் சாய்த்து மேலே காது கொடுப்பார்.

"உள்ளதான் இருக்கியா புள்ளெ? ஊருக்குப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்."

"சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு சரி பண்ணினேன் லாத்தா."

"நல்லா சரி பண்ணினே, போ! வீட்டுல ஆள் நடமாடுற மாதிரி இருந்துச்சு. அதையும் நிறுத்திட்டியே."

அந்த ஊரில் என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவர்தான். அவர் படியிறங்கியதும் பிளாஸ்டிக் இல்லாத பழைய பேரிங்கை மாட்டி ஓடவிட்டேன். அறையைக் காலி செய்யும் வரை அது ஓடியது.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். சத்தமில்லாத பேரிங் விற்பனைக்கு வந்துவிட்டது. மாடிக்கு இன்னும் ஆள் வரவில்லை என்று லாத்தா போனில் சொன்னார்.