மெட்ரோ வருது

இப்போது பூந்தமல்லியில் மெட்ரோ என்றால் எல்லோரும் தலையை நிமிர்த்தித் தூணுக்கு மேலே பார்க்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: தண்ணீர் லாரி. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் உலை வைக்கவும் மெட்ரோ தண்ணீர்தான். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு காது எப்போதும் தெருமுனையில்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நம்ம பக்கம் மெட்ரோ வருதாம்பா. இன்னிக்கே ஆளுங்க வர்றாங்களாம்." அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பால் பாக்கெட்டோடு வீடு வீடாகக் கத்திக்கொண்டே ஓடினேன்.

புதுத் தண்ணீர் வருகிறதென்றால் இருக்கிற பழைய தண்ணீரில் டிரம்மைத் தேய்த்துக் கழுவி ஊற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உப்புத் தண்ணீரில் கழுவினால் டிரம் கரிக்கும். அம்மாவும் அதைத்தான் செய்தாள். மூன்று நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது சாக்கடைக்குப் போயிற்று. தெரு முழுக்க அதே கதை. குடங்கள் வரிசை கட்டின. அம்மா முனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் இறங்கி நாடாவைப் பிடித்து ரோட்டை அளந்தார்கள்.

"இன்னா சார், லாரி பின்னாடி வருதா?" என்று அம்மா கேட்டாள்.

"லாரியா? ரயிலு, அக்கா. மெட்ரோ ரயிலு வரப்போவுது."

தெரு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு அத்தை, "ஒரு சொட்டு வெக்காம ஊத்திட்டனேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன். அதற்குள் அளந்துகொண்டிருந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாக்கா?" என்றார். வீட்டில் மிச்சமிருந்த நல்ல தண்ணீர், முந்தின நாள் நான் பள்ளியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த பாட்டிலில் பாதிதான். அம்மா அதை எடுத்து வந்து அப்படியே அவர் கையில் கொடுத்தாள். எனக்குத் தண்டனையாகத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்து அவளை அந்த நிமிஷம் வெறுத்தேன்.

அவர்கள் போனதும் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் வாசல் வாசலாகக் கேட்டுப் போனாள். தாகத்தில் சிணுங்கிக்கொண்டே நானும் பின்னால் போனேன். "எங்களுக்கே இல்லம்மா" என்றார்கள். அந்த 'இல்லை'யை அவள் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் கேட்டு நின்றவரிடம் அதையே திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பதும் தெரியாது.