கூரைமேல் ஈர வைக்கோல்

கீழ்வேளூரைத் தாண்டியதும் பேருந்து பழுதாகி நிற்கிறது. உச்சிவெயில். குடிக்கத் தண்ணீர் கேட்டு, சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வீட்டுக்குப் போகிறேன். இளைஞர் ஒருவர் ஏணியில் நின்று கூரைமேல் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்.

"முதல்ல அந்தக் குடத்த எடுத்துக் குடுங்க சார். கரண்ட் இல்ல. உள்ள கைக்குழந்த கெடக்குது."

அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடம் குடமாக நீட்டுகிறேன். அவர் வைக்கோலை நனைக்கிறார். உள்ளே அவர் மனைவி, ஜன்னலில் ஈரச் சேலையைக் கட்டிவிட்டு, குழந்தையை நனைத்த துணியால் துடைக்கிறார். அது கண் திறக்கவில்லை.

"காலையிலேர்ந்து பால் குடிக்கலைங்க," என்கிறார் அந்தப் பெண் என்னிடம். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. வர்றதுக்குள்ள சூடு எறங்கணும்."

கூரை ஓரங்களில் நீர் சொட்டுகிறது. சேலை வழியே வரும் காற்றில் அறையின் வெக்கை மெல்லத் தணிகிறது. சாலையில் பேருந்து கிளம்பும் சத்தம் கேட்கிறது. நான் அடுத்த குடத்தை நிரப்புகிறேன்.

உள்ளிருந்து ஒரு சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை. சட்டென்று அது நின்றுபோகிறது.

"என்னாச்சு?" ஏணியிலிருந்தவர் குனிந்து கேட்கிறார்.

"குடிக்கிறான்," என்கிறார் அவர் மனைவி.

அவர் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.